மோதல் எதுவும் இல்லை

அந்தக் குழுவில் அவரைக் கிளையார் என்று சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை. ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தள்ளிவிடுகிற உத்தியோகம். மாலையில் வீட்டுக்கு வந்து, காலுறையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கிட்டத்தட்ட அதே வேலையை இலவசமாகச் செய்வார்.

அவர் பார்த்துக்கொண்ட மென்பொருளுக்குப் பேசும் பலகை என்று பெயர். பேச்சிழந்தவர்களுக்கானது. டேப்லெட் திரையில் கட்டம் கட்டமாகச் சொற்கள் இருக்கும்: தண்ணீர், வலி, விளக்கு, வேண்டும், வேண்டாம். கட்டத்தை விரலால் தொட்டால் பலகை அந்தச் சொல்லைச் சொல்லும். ஆர்வம் உள்ள சிலர் கூலி வாங்காமல் சேர்ந்து செய்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். திருத்துகிறவர் மூலத்தில் நேரே கைவைக்க மாட்டார். அதை நகலெடுத்துத் தனியாக ஒரு கிளை போட்டு, அங்கே திருத்தி, இதைத் தாய்மரத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார். எதைச் சேர்ப்பது, எப்போது சேர்ப்பது, சேர்த்ததை என்றைக்குப் புதுப் பதிப்பாக வெளியிடுவது என்பதெல்லாம் கிளையார் கையில். சேர்க்கலாமா என்று யோசிப்பதற்கே அவர் ஒரு கிளை வைத்திருந்தார். அந்த யோசனையை மறுபரிசீலனை செய்ய இன்னொன்று. இங்கே கிளைதான் இருக்கிறது, மரத்தைக் காணோம் என்று குழுவில் யாரோ குத்தலாக எழுத, அதை ஆலோசனை என்று எடுத்துக்கொண்டு ‘மரம்’ என்ற பெயரிலேயே ஒரு கிளையைத் தொடங்கிவைத்தார்.

அவருடைய மாமனார் அந்தப் பலகையை வைத்துத்தான் பேசினார். காய்கறிச் சந்தையில் ஏலம் கூறிய மனிதர். ஒலிபெருக்கி இல்லாமலே ஒரு தெருவைத் திரும்பிப் பார்க்கவைத்த தொண்டை. மூளையில் ரத்தம் அடைத்துப் படுத்து எழுந்தபோது பேச்சு போயிருந்தது, வலது கை போயிருந்தது, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவர் தலையாட்டினால் அது ஆமாவா இல்லையா என்று மருத்துவருக்கே விளங்கவில்லை. மிச்சம் இருந்தவை இடது கைச் சுட்டுவிரலும், கொஞ்சமும் குறையாத கோபமும்தான். மகள் வீட்டுப் பின்னறையில், சன்னலோரக் கட்டிலில், மடியில் பலகையோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

போன பதிப்பில் ஒரு பிழை புகுந்தது. ஒலிகளைப் புதிதாகப் பதிந்து ஏற்றியவர் கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதினார். அப்படி எழுதும்போது வேண்டும், வேண்டாம் இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வேண்டாம் என்ற கட்டத்தைத் தொட்டால் பலகை ‘வேண்டும்’ என்றது. வேண்டும் என்பதைத் தொட்டால் ‘வேண்டாம்’. அதுவும் எப்படி, இனிமையான பெண் குரலில், மறுபேச்சுக்கே இடமில்லாத மாதிரி.

வீட்டில் இருந்தவர்கள் தலைகீழாகக் கேட்கப் பழகிக்கொண்டார்கள். பலகை சூப் வேண்டும் என்றால் மகள் வைத்த கிண்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பழகாதவர் புதிதாக வந்த நர்ஸ்தான். ஊசி போடட்டுமா என்று கேட்டார். பலகை வேண்டும் என்றது. இவ்வளவு ஒத்துழைக்கிற நோயாளியைத் தான் பார்த்ததே இல்லை என்று பாராட்டிக்கொண்டே குத்தினார். பெரியவர் பலகையை இடி இடியென்று இடிக்க, அது வேண்டும் வேண்டும் வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் கிளையாருக்கு முதியோர் இல்லத்தின் நினைவு வந்தது. நல்ல இல்லம், காற்றோட்டமான இடம், நேரத்துக்கு மருந்து என்று மனைவியிடம் எடுத்துச் சொன்னார். பின்னறையில் தன் மேசையை எந்தப் பக்கம் போடலாம் என்று கண்ணாலேயே அளந்துவைத்திருந்ததைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, அவர் அறை வாசலில் நின்று சுவரைப் பார்க்கும் விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கம் திருப்பப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால்தான் அந்தத் தொழிலில் உயிரோடு இருக்க முடியும்.

அப்பாவை அவள் தனியாகக் கேட்டுப் பார்த்தாள். விரல் வேண்டாம் என்ற கட்டத்தில்தான் போய் நின்றது. மறுபடி கேட்டாள். மறுபடியும் அங்கேயே. அதற்குமேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இல்லத்தில் ஒரு நடைமுறை இருந்தது. பிள்ளைகள் சொல்வதை அவர்கள் ஏற்பதில்லை. மேலாளர் அம்மாவே வீட்டுக்கு வந்து, சேரப்போகிறவரைக் கேட்டு, அவருடைய பதிலை ஒலிப்பதிவு செய்துகொண்டு போவார். அந்தப் பதில்தான் செல்லும். சரி, அப்பா வாயால் வரட்டும் என்று அவள் ஒப்புக்கொண்டாள். வேண்டும் என்றால் அவள் பேசுவதில்லை, வேண்டாம் என்றால் அவர் பேசுவதில்லை என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்தார்கள்.

“என்னங்க, அந்தம்மா வர்றதுக்குள்ள அந்த ரெண்டு சொல்லையும் சரி பண்ணிடுங்க.”

“சரி பண்ணியாச்சே.”

“அப்புறம் ஏன் அது இன்னும் மாத்தி மாத்தி உளறுது?”

“சரி பண்ணினது கிளையில இருக்கு. பதிப்புல இல்ல.”

“அப்ப கிளையிலேர்ந்து எறக்குங்க.”

“அப்படியெல்லாம் எறக்க முடியாதும்மா. இது உறைநிலைக் காலம். புதுப் பதிப்பு வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாதுன்னு நானே விதி போட்டிருக்கேன்.”

“நீங்க போட்ட விதிதானே?”

“அதனாலதான் நான் மீறக் கூடாது.”

தங்கள் பள்ளியில் ரிவர்ஸ் போட்டால் முன்னால் பாய்கிற வண்டி இருந்தால் அதை ஷெட்டில் நிறுத்திவிடுவார்கள் என்றும், பின்னால் போவதை அடுத்த பருவத்துக்குத் திட்டமிட்டிருக்கிறோம் என்று சொல்லி யாரையும் அதில் உட்காரவைப்பதில்லை என்றும் அவள் சொன்னாள். உவமை பொருந்தாது என்றார் அவர். நம் வீட்டுப் பலகையில் மட்டுமாவது போட்டுக்கொடுங்கள் என்று இறங்கிவந்து கேட்டாள். அதில்தான் அவருக்கு மிகவும் வருத்தம். இன்றைக்கு மாமனாருக்கு ஒரு பதிப்பு, நாளைக்கு மச்சானுக்கு ஒரு பதிப்பு என்று ஆரம்பித்தால் பொதுக்காரியம் என்ன ஆவது என்று, சாப்பாடு ஆறிப்போகும்வரை விளக்கினார்.

“சரி, நான் அந்தம்மாகிட்ட என்னன்னு சொல்றது? எங்கப்பா வேண்டும்னா வேண்டாம்னு அர்த்தம், வேண்டாம்னா வேண்டும்னு அர்த்தம்னா, கட்டில எனக்கில்ல போட்டுக் குடுப்பாங்க.”

அவர் காலண்டரை எடுத்து, உறைநிலை எந்த நிறம், வெளியீடு எந்த நிறம் என்று காட்டினார். நிறங்கள் நன்றாகத்தான் இருந்தன.

திருத்தத்தைச் செய்து கிளையில் வைத்திருந்தது ஒரு பேச்சுப் பயிற்சியாளர். மருத்துவமனையில் பேச்சிழந்தவர்களோடு நாள் முழுக்க மல்லாடிவிட்டு, ஓய்வில் இந்தக் குழுவுக்கு வேலை செய்கிற பெண். மகள் அவளுடைய எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள். யார் வீட்டிலிருந்து பேசுகிறோம் என்று சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரிப்புதான் கேட்டது. திருத்தம் சின்னஞ்சிறியது, ரெண்டு கோப்புப் பெயரை இடம் மாற்றியதுதான், அதற்குக் கிளையார் எழுதிய கருத்துரையை அச்சடித்தால் தடிப் புத்தகமாகும் என்றாள். முதலில் கிளையின் பெயர் ‘பிழை’ என்று தொடங்குகிறது, எதிர்மறையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினாராம். ‘திருத்தம்’ என்று மாற்றியனுப்பினால், திருத்தம் என்றால் முன்னால் தவறு இருந்ததாக ஆகிறது என்றாராம். ‘மேம்பாடு’ என்று வைத்த பிறகுதான் பரிசீலனைக்கே எடுத்துக்கொண்டாராம்.

“அத நேரா எங்கப்பா டேப்லெட்ல போட்டுக்கக் கூடாதாம்மா?” என்றாள் மகள்.

“தாராளமா போடலாம்க்கா. எல்லாருக்கும் திறந்து வெச்சதுதானே இது. கதவு தொறந்துதான் கிடக்கு. உங்க வீட்டுக்காரர் வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கறதால பூட்டின மாதிரி தெரியுது.”

கிளையார் அலுவலகத்தில் இருந்த நேரமாகப் பார்த்துப் பயிற்சியாளர் வந்தாள். பெரியவரின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தன் கிளையை டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். பெரியவர் வேண்டாம் என்பதைத் தொட்டார். பலகை வேண்டாம் என்றது. அவர் பலகையையே உற்றுப் பார்த்தார். மறுபடி தொட்டார். வேண்டாம். பிறகு என்ன, அன்றைக்கு அந்த வீட்டில் எதுவும் ஓடவில்லை. சூப் வேண்டாம். தலையணை வேண்டாம். ரேடியோ வேண்டாம். கொண்டுவந்து வைத்ததை மறுத்து, எடுத்துப் போனதும் கேட்டு, கொடுத்ததும் மறுபடி மறுத்தார். மகள் அலுக்காமல் கொண்டுவந்து கொண்டுவந்து வைத்தாள். இல்லை என்று சொல்லக் கிடைத்த ருசியில் மனிதர் பழைய சந்தைக்காரராகிவிட்டார்.

மாலையில் கிளையார் எட்டிப் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் மாமா என்று வழக்கம்போலக் கேட்டார். விரல் போயிற்று. “வேண்டாம்” என்றது பலகை. அதில்தான் குட்டு உடைந்தது.

விரல் எங்கே போயிற்று, ஒலி எப்படி வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் அவர் பலகையைப் பிடுங்கிப் பதிப்பு எண்ணைத் தேடினார். எண் இல்லை. எண்ணே இல்லாத ஒன்று, வெளியீட்டுப் பொறுப்பாளரின் வீட்டுக்குள், அவருடைய மாமனாரின் மடியில். வெளியே தெரிந்தால் தன் மானம் கப்பலேறிவிடும் என்று கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். அதே கப்பலில் உங்கள் விதிகளையும் ஏற்றிவிடுங்கள் என்றாள் மனைவி, கேரட் நறுக்கிக்கொண்டே.

ஆனால் ஒன்று நடந்தது. யார் கெஞ்சியும் உருகாத உறைநிலை அன்றைக்கு உருகியது. தன் வீட்டில் ஓடுவது முறையான பதிப்பாக இருக்க வேண்டுமென்றால், அதை முறையான பதிப்பாக ஆக்கிவிடுவதுதான் ஒரே வழி என்று கண்டுபிடித்து, குழுவின் அவசரக் கூட்டத்தைத் திரையில் கூட்டினார்.

கூட்டத்தில்தான் இன்னொரு திருத்தமும் இருப்பது வெளிவந்தது. கட்டங்களை வரைகிற படக்காரர் அதே பிழையை வேறு விதமாகச் சரிசெய்து, வேறொரு கிளையில் வைத்திருந்தார். இரண்டு பாட்டில்களில் சீட்டு மாறி ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் சீட்டைப் பிரித்துச் சரியாக ஒட்டினாள். படக்காரர் சீட்டைத் தொடவில்லை. இது கேட்டால் அந்த பாட்டிலை எடு, அது கேட்டால் இந்த பாட்டிலை எடு என்று எடுத்துக்கொடுக்கிறவனுக்குச் சொல்லிவைத்தார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி.

ரெண்டில் ஒன்று போதும் என்றாள் பயிற்சியாளர். ஒன்றை எடுத்து ஒன்றை விட்டால் ஒருவர் மனம் நோகும், நோகவைக்கத் தனக்கு மனமில்லை என்றார் கிளையார். இருவருமே உழைத்திருக்கிறார்கள், இருவர் பெயரும் வெளியீட்டுக் குறிப்பில் வர வேண்டும், எனவே இரண்டையும் சேர்த்துவிடுவோம். இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் தெரியுமா என்று அவள் ஆரம்பித்தாள். கை தூக்காமல் பேசுகிறவர்களின் ஒலியை நிறுத்திவிடுவது கூட்டத்தின் விதி. நிறுத்திவிட்டார். திரையில் அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

இணைப்பதற்கான பொத்தானை அழுத்தினார். இரண்டு பேர் ஒரே வரியில் கைவைத்திருந்தால் இயந்திரம் தடுத்து நிறுத்தும். இவர்கள் கைவைத்தது வேறு வேறு கோப்புகளில். ஒரே காரியத்தைத்தான் இருவரும் திருப்பிப்போட்டிருக்கிறார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? ‘மோதல் எதுவும் இல்லை’ என்று எழுதிக் காட்டியது. கிளையார் அதைக் கூட்டத்துக்கு உரக்கப் படித்தார். இந்தக் குழுவின் பண்பாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்றும் கேட்டார். பயிற்சியாளர் பின்னர் எழுத்தில் அனுப்பிய ஆட்சேபத்தை அலட்சியம் செய்துவிட்டார் என்று யாரும் குறைசொல்ல முடியாது. அதை ஆராய உடனே ஒரு கிளை தொடங்கினார்.

மேலாளர் அம்மா வருவதாக இருந்த அன்று காலையில் புதுப் பதிப்பு வெளியாயிற்று. எண் உண்டு, நன்றியுரை உண்டு, ‘நிலையான பதிப்பு’ என்று நெற்றியில் எழுதியும் இருந்தது. கிளையார் மாமனாரின் மடியிலிருந்து பலகையை எடுத்து அதை ஏற்றிக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள்.

“என்ன பண்றீங்க?”

“முறையானதப் போடறேன். வெளியாள் வர்ற நேரத்துல கள்ளப் பதிப்பு ஓடக் கூடாது.”

“ஓடிட்டிருந்தது நல்லாத்தானே ஓடிச்சு. இத ஓட்டிப் பார்த்தீங்களா?”

“நிலையான பதிப்பும்மா இது. நிலையானத எதுக்கு ஓட்டிப் பார்க்கணும்?”

அவள் கையை நீட்டுவதற்குள் அழைப்பு மணி அடித்தது.

மேலாளர் அம்மா அதிகம் பேசாதவர். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கிளையார்தான் பேசினார். பலகையின் சிறப்பு, அதன் பின்னால் இருக்கும் உழைப்பு, அன்று காலைதான் வந்த புதுப் பதிப்பு, அதை இல்லத்தின் எல்லாக் கட்டில்களுக்கும் இலவசமாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது. அந்த அம்மா உண்மையாகவே ஆர்வமாகக் கேட்டார். பேச முடியாதவர்கள் அங்கே பலர் உண்டு என்றார். பிறகு கைபேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி, மெத்தையில் வைத்தார்.

“ஐயா, எங்க இல்லத்துக்கு வந்து தங்கிக்கறீங்களா? யாருக்காகவும் சொல்ல வேண்டாம். உங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க.”

பெரியவர் மகளைப் பார்த்தார். விரலைத் தூக்கினார். இப்போது அவருக்குத் தயக்கமே இல்லை. கொஞ்ச நாளாக ருசி கண்ட விரல்.

“வேண்டும்” என்றது பலகை.

விரல் மறுபடி இறங்கியது. வேண்டும். இன்னும் அழுத்தமாக இறங்கியது. வேண்டும். பெரியவரின் கண் சிவந்து, தொண்டையிலிருந்து என்னவோ சத்தம் வந்தது. ஆசையாக இருக்கிறார் போலிருக்கிறதே என்றார் மேலாளர் அம்மா.

“அவர் வேண்டாம்ங்கறார், மேடம்.”

“எனக்கு வேண்டும்னுதானேம்மா காதுல விழுந்தது?”

மகள் கணவரைப் பார்த்தாள். “சொல்லுங்க.”

கிளையாருக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. ஒட்டிய சீட்டு, எடுத்துக்கொடுக்கிறவனுக்குச் சொன்ன சொல், கூட்டத்தில் சத்தமில்லாமல் அசைந்த வாய், எல்லாம். இரண்டு தடவை திருப்பியதில் பழைய தப்பே திரும்பி வந்திருந்தது. மூளை இல்லாத மனிதர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. அந்த மூளையை வைத்துக்கொண்டுதான், காலையில் தானே எழுதிய நன்றியுரையை நினைத்தார், இல்லத்தின் எல்லாக் கட்டில்களையும் நினைத்தார், சன்னலோரத்தில் தன் மேசையையும் நினைத்துவிட்டார்.

“பலகை சொன்னதுதான்” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “மாமாவுக்கு மனசு மாறியிருக்கலாம்.”

மகள் அப்பாவின் மடியிலிருந்து பலகையை எடுத்து அந்த அம்மாவின் மடியில் வைத்தாள்.

“வேண்டாம்னு எழுதியிருக்கற கட்டத்த நீங்களே தொடுங்க, மேடம்.”

அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தொட்டார். வேண்டும் என்றது. பக்கத்துக் கட்டத்தைத் தொட்டார். வேண்டாம் என்றது. இன்னொரு தடவை இரண்டையும் தொட்டுப் பார்த்தார். பிறகு கிளையாரைப் பார்த்தார்.

“இதத்தான் எல்லாக் கட்டிலுக்கும் வைக்கச் சொன்னீங்களா?”

“போன பதிப்புலேர்ந்தே தெரிஞ்ச குறைதான், மேடம். திட்டத்துல இருக்கு.”

அந்த அம்மா ஒலிப்பதிவை அழித்தார். கேமராவைத் திறந்து, பலகையைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தார். ஐயா, மறுபடி சொல்லுங்க, இந்தத் தடவை நான் கேட்கல, பார்க்கறேன் என்றார். பெரியவர் விரலை வேண்டாம் என்ற கட்டத்தில் வைத்து, எடுக்கவே இல்லை. பலகை என்ன சொன்னது என்று யாரும் காதில் வாங்கவில்லை. கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறேன், நீங்கள் உங்கள் மகளோடு இருங்கள் என்று சொல்லி, அவருடைய கையைத் தொட்டுவிட்டு எழுந்தார்.

வாசல்வரை போனவர் திரும்பினார்.

“போன மாசம் ஒருத்தர் சேர்ந்தார். பிள்ளைங்க இதே பலகையத்தான் அவர் மடியில வெச்சிருந்தாங்க. நான்தான் கேட்டேன். வேண்டும்னு சொன்னார். ரெண்டு மூணு தடவ சொன்னார். வந்ததுலேர்ந்து சுவத்தப் பார்த்துப் படுத்திருக்கார், யாருக்கும் முகம் குடுக்கறதில்ல.” கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “போய் இன்னொரு தடவ கேட்கறேன்.”

கதவு சாத்தியதும் மகள் சொன்னாள்:

“இப்பவே அத எடுங்க. இன்னும் எந்தெந்த வீட்டுல என்னென்ன சொல்லிட்டிருக்கோ.”

அவர் உட்கார்ந்தார். எடுக்கலாம்தான். ஆனால் எண் கொடுத்து வெளியிட்டதைத் திரும்பப் பெற்றால் எண்வரிசையில் ஓட்டை விழும். அதற்கு முன்மாதிரி இல்லை. முன்மாதிரி உருவாக்கக் குழு கூட வேண்டும். சனிக்கிழமை கூடலாம். அதுவரை வெளியீட்டுக் குறிப்பின் கீழே, மறுக்க விரும்புகிறவர்கள் தற்காலிகமாகச் சம்மதத்தைத் தொடவும் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

அவள் அதற்குள் பயிற்சியாளரை அழைத்துவிட்டாள். உன்னோடதை உன் பெயரிலேயே தனியாக வெளியே போடு, யாரையும் கேட்காதே என்றாள். இல்லத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரைப் பற்றிச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் வண்டியோடு வருகிறேன், அவருடைய பலகையில் முதலில் போடுவோம் என்று சொல்லி வைத்துவிட்டு, சாவியைத் தேடினாள்.

“குழுவுல ஒரு வார்த்தை கேட்காம இப்படிக் கிளம்பினா அது உடைப்பும்மா. தனி மரம் ஆயிடும்” என்று கிளையார் பின்னாலேயே போனார். அவள் நிற்கவில்லை. படியில் இறங்குகிற சத்தம் கேட்டது. வேறு ஆள் கிடைக்காமல் அவர் பின்னறைக்கு வந்து மாமனாரிடம் நியாயம் கேட்டார்.

“நீங்களே சொல்லுங்க மாமா. நாலு பேரக் கேட்டுச் செய்ய வேண்டாமா?”

பெரியவர் வேண்டாம் என்பதைத் தொட்டார்.

“வேண்டும்” என்றது பலகை, தேன் மாதிரி.

கிளையாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சன்னல் பக்கம் போய்த் தலையை நீட்டி, “கேட்டியா, உங்கப்பாவே சொல்றார்” என்றார். கீழே வண்டி தெருமுனையைத் திரும்பிக்கொண்டிருந்தது.